வினைமுற்று

கன்னியப்ப முதலியார் இன்னும் பாலத்தை விட்டு இறங்கவில்லை. சங்கத் தலைவர் பத்து நிமிஷம் பேசுவார் என்றுதான் நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தது. பாலம் வருவதற்கு முன்னால் வெள்ளம் புரண்டால் ஃபீஜியில் இந்த நவிசாலா ஊர் எப்படி இரண்டாகக் கிடக்கும், பிரசவ வலி கண்டவளை மூங்கில் தெப்பத்தில் வைத்து எப்படித் தள்ளிக்கொண்டு போவார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டே போக, அந்த ஒரு சொல் மட்டும், தள்ளிக்கொண்டு என்பது மட்டும், மேடையில் நான்காவது நாற்காலியில் இருந்த தாண்டவராயனின் காதில் முள்ளாக ஏறி நின்றது. மற்றவர்களுக்கு அது சாதாரணச் சொல். முதலியாருக்கும் சாதாரணச் சொல். பேசட்டும். பாலம் முடிந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி முடிந்து தண்ணீர்க் குழாய் என்று சாயங்காலம் வரைக்கும் பேசட்டும். அவர் பேசுகிற வரைக்கும் ஒன்றும் நடக்காது. அவர் உட்கார்ந்ததும் கோர்ட்டு துபாஷி தாண்டவராயன் எழுந்து உபசாரப் பத்திரத்தைப் படிக்க வேண்டும். அதற்கு, மாற்றலாகிப் போகிற ஜில்லா அதிகாரி பார்லோ துரை இங்கிலீஷில் பதில் சொல்வார். அதை வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொல்ல வேண்டும். பிறகு ராணிக்கு வாழ்த்துப் பாட்டு. பதிலுக்கும் பாட்டுக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. அந்தச் சந்தில்தான் அவள் எழுந்திருப்பாள். பெண்கள் பக்கம், இரண்டாவது வரிசை, நடைபாதையை ஒட்டிய நாற்காலி. உள்ளே நுழையும்போது ஒரே தடவைதான் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலையைத் திருப்பவேயில்லை. ஆனாலும் கரும்பச்சைச் சேலை என்று தெரிந்தது, இரண்டு கையையும் மடியில் வைத்திருக்கிறாள் என்று தெரிந்தது, கண் மேடையை விட்டு நகரவில்லை என்றும் தெரிந்தது. தகரக் கூரை வெயிலில் காய்ந்து டிக் டிக் என்று சத்தம் போட்டது. கறுப்புக் கோட்டுக்குள்ளே வியர்வை முதுகுத்தண்டைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. கோட்டைக் கழற்ற முடியாது. உபசாரப் பத்திரம் படிக்கிறவன் கோட்டோடுதான் நிற்க வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் அவள் ஆபீஸ் வராந்தாவுக்கு வந்திருந்தாள். மார்க்கெட்டில் கத்தரிக்காயும் முருங்கைக்கீரையும் விற்கிற பச்சையம்மா கூடையில்லாமல் வந்து நின்றதே விபரீதமாகப் பட்டது. பதினைந்து வருஷமாக அவள் கடை இருக்கிற வரிசைக்கு அவர் போனதில்லை. ஆற்றோரமாகச் சுற்றிக்கொண்டு போய் வேறு ஆளிடம் வாங்குவார். இப்போது அவளே வந்துவிட்டாள். துரை ஊரை விட்டுப் போகிறாராமே, கப்பல் வியாழக்கிழமையாமே என்று கேட்டாள். ஆமாம், வடக்கே ஒரு தீவுக் கூட்டத்துக்கு ரெசிடென்ட் கமிஷனராகப் போகிறார், பெரிய பதவி என்று இவர் சொன்னார். வேண்டாத விஷயத்தை நீட்டிச் சொல்கிறோம் என்று சொல்லும்போதே தெரிந்தது. அவள் தலையாட்டினாள். "போறதுக்கு முன்ன தொரைகிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும் அய்யா. கூட்டத்துலயே கேக்கறேன். நீங்க இங்கிலீசுல சொல்லிக் குடுங்க." என்ன கேட்கப் போகிறாய் என்றார். "அங்க சொல்றேன்" என்றாள். அவ்வளவுதான். கூட்டத்தில் அதெல்லாம் முடியாது, நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். எழுதிக் கொடு, நான் கொடுத்துவிடுகிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். வாங்கிக் கிழித்துப் போட்டிருக்கலாம். பார்க்கலாம் என்று சொன்னார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம்?

அவள் எது கேட்டாலும் இங்கிலீஷில் என்ன சொல்வது என்று இரண்டு நாளாக அவருக்குள்ளே ஒரு பட்டறை ஓடிக்கொண்டிருந்தது. துரை சுகமாகப் போய்ச்சேரக் கடவுளை வேண்டிக்கொள்கிறாள் என்று சொல்லலாம். ஆனால் அதற்கு அவள் முகம் ஒத்துழைக்க வேண்டும். மார்க்கெட்டுக்குக் கூரை போட்டுத் தரச் சொல்கிறாள் என்றால் கொஞ்சம் கோபமான முகமும் பொருந்தும். கூரைதான் சரி. கேட்கிறவள் கோபமாகக் கேட்பாள், துரை அடுத்து வருகிறவரிடம் சொல்வதாகச் சொல்வார், அதை இவர் தமிழில் வேறு ஏதாவதாக, உன் கேள்வியை யோசித்துப் பார்க்கிறேன் என்கிறார் என்று மாற்றிச் சொல்லி, உட்காரும்மா என்று கை காட்டிவிடலாம். நேற்று வரைக்கும் இது போதும் என்றுதான் இருந்தது. இன்றைக்கு மேடையில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பின் வரிசையைப் பார்த்தார். பள்ளிக்கூட வாத்தியார்கள் நாலு பேர், வெள்ளைச் சட்டை, பட்டணத்தில் படித்துவிட்டு வந்தவர்கள். நாலு பேருக்கும் இரண்டு பாஷையும் தெரியும். முப்பத்தொன்பதில் இந்த ஜில்லாவில் இரண்டு பாஷையும் தெரிந்தவன் ஒரே ஒருத்தன். அவன் வாயில் வந்ததுதான் தமிழ், அவன் வாயில் வந்ததுதான் இங்கிலீஷ். நடுவில் என்ன விழுந்தாலும் யாருக்கும் தெரியாது. இப்போது கூரை என்று சொன்னால் நாலு தலை நிமிரும். நிஜமாகவே சொன்னால் ஒரு தலை நிமிரும். பார்லோ துரை திரும்பிப் பார்த்து, ராயன், அன்றைக்கு நீ அப்படிச் சொல்லவில்லையே என்பார். கெட்ட மனுஷன் இல்லை, சத்தமாகக் கூடச் சொல்ல மாட்டார். தாழ்ந்த குரலில்தான் சொல்வார். அதுதான் தாங்காது.

அன்றைக்கு என்ன சொன்னாள் அவள்? மறந்தால்தானே நினைப்பதற்கு. கிராண்ட்லி எஸ்டேட்டுக் கொப்பரையைப் படகில் ஏற்றுகிற துறை. படகுக்கும் துறைக்கும் நடுவே ஒரு பலகை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு போன சடையன் பலகையிலிருந்து விழுந்து, அலை படகைத் துறையோடு கொண்டுவந்து மோதியதில் நடுவே அகப்பட்டுச் செத்துப்போனான். மூன்றாம் நாள் மரண விசாரணை. அப்போது பார்லோ இந்த ஜில்லாவுக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, அவரே மாஜிஸ்திரேட்டு. ஹிந்தி பேசுகிற சாட்சிகளை அவரே கேட்டுக்கொள்வார், ஃபீஜிக்காரர்களோடு அவர்கள் பாஷையிலேயே சிரித்துப் பேசுவார், இரண்டிலும் பரீட்சை கொடுத்தவர். தமிழுக்குத்தான் துபாஷி. துறையில் சோற்றுப் பாத்திரத்தோடு நின்றிருந்த பச்சையம்மாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். இடுப்பில் ஒரு குழந்தை. அவள் அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும், சொல் குழறியிருக்கும். "அவரு காய்ச்சல்னு சொன்னாரு. உக்காந்துக்கறேன்னு சொன்னாரு. கேக்காம தள்ளினான்." இவ்வளவுதான் சொன்னாள். தள்ளினான். யார் என்று சொல்லவில்லை. தமிழில் சொல்லவே தேவையில்லை. புருஷனை அவள் சொன்னாரு, விழுந்தாரு என்றுதான் சொல்வாள். அந்த 'ஆன்' எஸ்டேட்டின் வெள்ளைக்கார ஓவர்சியர் வில்மட்டுக்கு. அவள் பார்வை கூட வில்மட்டின் பூட்ஸின் மேல்தான் இருந்தது. தாண்டவராயன் துரையின் பக்கம் திரும்பினார். திரும்புகிற அந்த நேரத்துக்குள், கழுத்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிற அந்த நேரத்துக்குள், தள்ளினான் என்பது தள்ளாடினார் என்று ஆகிவிட்டது. காய்ச்சல் என்று சொன்னார், பேச்சைக் கேட்கவில்லை, தள்ளாடினார் என்று இங்கிலீஷில் சொன்னார். இங்கிலீஷில் அவருக்கும் அவனுக்கும், புருஷனுக்கும் கொன்றவனுக்கும், ஒரே சொல்தான். துரையின் பேனா நின்றது. தலையைத் தூக்கி, தள்ளாடினாரா என்று கேட்டார். ஆமாம் சார். பேனா மறுபடியும் ஓடியது. சுரத்தினால் நிலை தடுமாறி விழுந்து மரணம். ஒருவர் மேலும் குற்றமில்லை.

யாரும் அவரை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. இதுதான் அவருக்கு எந்தப் பக்கம் புரண்டு படுத்தாலும் குத்துவது. யாராவது மிரட்டியிருந்தால் அவர்கள் தலையில் பாதியை ஏற்றிவிட்டிருக்கலாம். விசாரணையன்று காலையில் கோர்ட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தபோது எஸ்டேட்டுக்காரர் கிராண்ட்லி தன் லாரியை நிறுத்தி ஏறிக்கொள்ளச் சொன்னார். வெள்ளைக்காரர் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. வழியெல்லாம் மழையைப் பற்றித்தான் பேசினார். உன் உத்தியோகம் இன்னும் தற்காலிகம்தானா, சீக்கிரம் நிரந்தரமாக வேண்டும் என்றார். இறங்கும்போது, துக்கத்தில் இருக்கிற பெண்கள் எதையாவது சொல்வார்கள், நீ படித்தவன், புரிந்து சொல்வாய் என்று தோளில் ஒரு தட்டு. அவ்வளவுதான். அது மிரட்டலா? ஒரு லாரிச் சவாரி. அந்தத் தட்டுக்குத்தானா ஒரு மனுஷனுடைய சாவை விற்றாய்? விற்கவில்லை, வாய் தவறியது. வாய் தவறினால் தள்ளாடினான் என்றல்லவா தவறும்? மனசுக்குள் அந்த 'ஆரு' எங்கிருந்து வந்தது? அவள் புருஷனுக்குக் கொடுக்கிற மரியாதையைக் கூட வாங்கிச் சேர்த்துக்கொண்டு, பொய்யை நெசவு பார்த்து நெய்தவன் வாய் தவறியவனா? விசாரணை முடிந்து கோர்ட்டுப் படியில் இறங்கும்போது பின்னால் வந்து கேட்டாள், நான் சொன்னதைச் சரியாகச் சொல்லிவிட்டீர்கள் அல்லவா அய்யா என்று. சொல்லிவிட்டேன் அம்மா என்றார். அவள் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டாள். ஒரு மாசத்தில் நிரந்தர உத்தரவு வந்தது. கையெழுத்து, சி. பார்லோ.

ஆஸ்பத்திரி வந்துவிட்டது. முதலியார் ஆஸ்பத்திரியில் எத்தனை கட்டில் என்று சொல்கிறார், ஜனங்கள் கை தட்டுகிறார்கள். தட்ட வேண்டியதுதான். எல்லாம் நிஜம். முதல் நாற்காலியில் சம்பங்கி மாலையோடு, முழங்கால் மேல் தொப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இந்த நரைத்த மனுஷனைப் பற்றி முதலியார் சொல்வது ஒன்றுகூடப் பொய்யில்லை. பதினாறு வருஷம் பார்த்தாயிற்று என்று நினைத்துக்கொண்டார், பிறகு திருத்திக்கொண்டார். முப்பத்தெட்டிலிருந்து, நடுவில் யுத்த காலத்தில் அவர் தலைநகரத்துக்குப் போய்விட்ட வருஷங்களைக் கழித்துவிட்டு. கக்குவான் இருமல் பரவியபோது குதிரை போகாத மலைக் குடிசைகளுக்கு மருந்துப் பெட்டியைத் தானே சுமந்துகொண்டு போனவர். சுற்றுப்பயணத்தில் துபாஷிக்குத் தன் கம்பளியைக் கொடுத்துவிட்டுத் தான் கோணியைப் போர்த்திக்கொண்டு படுத்தவர். அப்போதுதான் பழைய கதையெல்லாம் சொல்வார். இருபத்திரண்டு வயதில் பயிற்சி அதிகாரியாகப் பவழத்தீவு ஒன்றில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்களாம், கப்பல் ஏழு மாசத்துக்கு ஒரு தடவை, தேங்காயும் மீனும், அங்கே ஒரு கிழவர் வலை பின்னும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாஷை கற்றுக்கொண்டாராம். பிறகு சாலமன் தீவுகள், மலேரியா, பல் இரண்டு போனது. பிறகு இங்கே. ஜனங்களுடைய பாஷை தெரியாமல் அவர்களை ஆளக் கூடாது, ராயன், என்பார். அப்போதெல்லாம் ராயனுக்கு, இப்பேர்ப்பட்டவரை, என் சொல்லை நம்பி எழுதியவரை, நான் ஏமாற்றிவிட்டேனே என்றுதான் இருக்கும். சடையனை நினைத்து வருந்தியதைவிட இவரை நினைத்து வருந்தியதுதான் அதிகம். அது ஏன்? செத்தவன் கம்பளி கொடுக்கவில்லை, அதனாலா?

கை தட்டல் நீளமாக வந்தது. முதலியார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். யாரோ துபாஷி அய்யா என்று கூப்பிட்டார்கள். எழுந்தார். சட்டம் போட்ட உபசாரப் பத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மைக்கின் முன்னால் நின்றார். தானே எழுதியது. பெருமைமிகு, மாண்புமிகு, வள்ளலே, வேந்தே என்று கை பழகிய வழியில் எழுதிக்கொண்டே போனதில், ஏழை எளியவர் சொல்லைத் தம் செவியாலேயே கேட்டறிந்து நீதி வழங்கிய பெருந்தகையே என்று ஒரு வரி வந்து விழுந்துவிட்டது. அச்சுக்குப் போன பிறகுதான் கண்ணில் பட்டது. தாண்டிப் போய்விடலாம் என்று நினைத்திருந்தார். தங்க எழுத்து, முதலியார் மூன்று தடவை படித்துப் பார்த்துச் சம்மதித்தது. தாண்டினால் முதலியார் எழுந்து வந்து விரலை வைத்துக் காட்டுவார், அப்படிப்பட்ட ஆள். அந்த வரி நெருங்க நெருங்க எழுத்துக்கள் வீங்கிக்கொண்டு வந்தன. படித்தார். குரல் உடையவில்லை, உடையாததுதான் அவமானமாக இருந்தது. இரண்டாவது வரிசையில் கரும்பச்சை அசையவில்லை. முடித்தார், கை தட்டினார்கள், பத்திரத்தைத் துரையிடம் கொடுத்தார். துரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, தாங்க்யூ ராயன் என்று அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

பிறகு துரை மைக்குக்கு வந்தார். ராயன் வழக்கம்போல் இடது பக்கம் அரை அடி பின்னால் நின்றுகொண்டார். இந்த வேலையில் ஒரு சௌகரியம் உண்டு. காது வாங்கியதை வாய் கொடுத்துவிடும், நடுவில் மனசு வேறு எங்கேயாவது நின்றுகொண்டிருக்கலாம். துரை நன்றி சொன்னார், இவர் நன்றி சொன்னார். பாலம் என் பாலமல்ல, கல் சுமந்தவர்கள் பாலம் என்று துரை சொன்னார், இவரும் சொன்னார். மனசு அந்தச் சந்தின் வாசலில் போய் நின்றுகொண்டு எண்ணிக்கொண்டிருந்தது. இன்னும் ஐந்து வாக்கியம் இருக்கும். கூரை என்று சொல்வதா? தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிடுவதா? நிஜமாகவே விழுந்துவிட்டால்? துரை கொஞ்சம் நிறுத்தினார். பிறகு, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒரு விஷயம் சொல்லப் போகிறேன் என்றார். இவரும், இதுவரை யாரிடமும் சொல்லாத ஒரு விஷயம் சொல்லப் போகிறேன் என்றார். என் அப்பா ரயில் பாலம் கட்டுகிற எஞ்சினியர் என்றார் துரை. என் அப்பா ரயில் பாலம் கட்டுகிற எஞ்சினியர் என்றார் இவர். நான் பிறந்தது திருச்சிராப்பள்ளியில். நான் பிறந்தது திருச்சிராப்பள்ளியில். என் எட்டு வயது வரைக்கும் என்னை வளர்த்தது சவரியம்மா என்கிற ஆயா. நான் முதலில் பேசிய பாஷை இங்கிலீஷ் அல்ல, தமிழ். இதையும் வாய் சொல்லிவிட்டது. நான் முதலில் பேசிய பாஷை இங்கிலீஷ் அல்ல, தமிழ் என்று தன் குரல் ஒலிபெருக்கியில் போய்ச் சுவரில் மோதித் திரும்பி வந்தபோதுதான் ராயனுக்கு அது காதில் விழுந்தது.

சீமையில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வேலைக்காரர் பாஷை பேசுகிறவன் என்று பையன்கள் கேலி செய்தார்களாம், அன்றைக்கு மூடிய வாய். உத்தியோகத்திலும் சொல்லிக்கொள்ளத் தோன்றவில்லை. பிறகு சொல்லாமல் இருப்பதே பழக்கமாகிவிட்டது. இதையெல்லாம் யார் தமிழில் சொன்னது? ராயன்தான் சொல்லியிருக்க வேண்டும். கூடத்தில் சலசலப்பு, சிரிப்பு, பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்கிறார்கள். துரை சிரித்துக்கொண்டே இவர் தோளைத் தொட்டு, இனி நீ வேண்டாம் என்பது போல மெல்ல ஒதுக்கிவிட்டு, மைக்கில் வாயை வைத்தார். "எல்லாரும் நல்லா இருங்க. அழாதீங்க. நான் போயிட்டு வர்றேன்." பிறகு தகரக் கூரை பறந்துவிடும் போலக் கை தட்டல். முதலியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போகிறேன் என்று சொல்லவில்லை. போயிட்டு வர்றேன் என்றார். எந்த வாத்தியாரும் கற்றுக்கொடுக்காதது. தாய்ப்பால் மாதிரி உள்ளே போயிருந்தால்தான் அது நாக்கில் வரும். போகிறேனுக்கும் போயிட்டு வர்றேனுக்கும் வித்தியாசம் தெரிந்த காதுக்குத் தள்ளினானும் தள்ளாடினாரும் ஒன்றாகவா கேட்டிருக்கும்? அன்றைக்குக் கோர்ட்டில் தலையைத் தூக்கி, தள்ளாடினாரா என்று கேட்டாரே, அது சந்தேகம் இல்லை. அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, உன் பொய்யை நீ வைத்துக்கொள்கிறாயா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். வைத்துக்கொள்கிறேன் என்றதும் நிம்மதியாக எழுதிக்கொண்டார். வந்து ஒரே வருஷமான மாஜிஸ்திரேட்டு, வெள்ளைக்காரன் மேல் கொலைக் குற்றம், கவர்னருக்குப் பதில் சொல்ல வேண்டும், கிராண்ட்லிக்குப் பதில் சொல்ல வேண்டும். நல்ல வேளையாகத் துபாஷியே அந்தப் பள்ளத்தை மூடிவிட்டான். கம்பளி அதற்குத்தானா? பதினைந்து வருஷமாக நான் இவரை ஏமாற்றிவிட்டேன் என்று சோறு இறங்காமல் கிடந்தேனே. கோபம் வர வேண்டும். வரவில்லை. ஒரே பலகையில் இரண்டு பேர் நின்றிருந்தோம் என்றுதான் தோன்றியது.

கை தட்டல் அடங்குவதற்குள் அவள் எழுந்துவிட்டாள். பாட்டுக்காகத்தான் எழுந்தாள் என்று நினைத்து ஏழெட்டுப் பேர் சேர்ந்து எழுந்து, பிறகு விழித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பச்சையம்மா மட்டும் நின்றாள். முதலியார், என்னம்மா, என்ன வேண்டும் என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. "கிராண்ட்லி தொறையில செத்தாரே சடையன், அவரு பொண்டாட்டி நான். அன்னிக்கு கோர்ட்ல தள்ளினான்னு சொன்னேன். என் கண்ணால பாத்ததைச் சொன்னேன். தொரை ஏன் அதை எழுதல?" கூரை டிக் என்றது. பின் வரிசையில் வெள்ளைச் சட்டைகள் நிமிர்ந்தன. பார்லோ துரையின் முகத்திலிருந்து சிரிப்பு போகவில்லை, ஆனால் அதற்குப் பின்னால் யாரும் இல்லை. அவர் திரும்பினார். இத்தனை வருஷப் பழக்கம். புருவத்தை உயர்த்தி, என்ன சொல்கிறாள், ராயன், என்று இங்கிலீஷில் கேட்டார்.

கூரை என்ற சொல் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. துரையின் கண் அதற்காகக் காத்திருந்தது. கெஞ்சியது என்று கூடச் சொல்லலாம். அந்தக் கண்ணில் முதல் தடவையாக அவர் தன்னைப் போன்ற ஒருவனைப் பார்த்தார். மைக்கைப் பிடித்துக்கொண்டார். துரையைப் பார்க்காமல் இரண்டாவது வரிசையைப் பார்த்தார். "நீ தள்ளினான்னுதாம்மா சொன்ன. நான்தான் தள்ளாடினாருன்னு மாத்திச் சொன்னேன். படியில நீ கேட்டப்பவும் பொய்தான் சொன்னேன்." அவருக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. துரையிடம் அவர் இதுவரை ஒரு வார்த்தை தமிழில் பேசியதில்லை. "அவங்க கேட்டது உங்களுக்குப் புரிஞ்சிருக்கும், சார். அன்னிக்கும் புரிஞ்சுது. பதிலை நீங்களே சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டு மைக்கை விட்டு இரண்டடி விலகி நின்றார்.

துரையின் கை மாலையைப் பிடித்துக்கொண்டிருந்தது. எட்டு வயதுப் பிள்ளையின் தமிழில் இதற்கு என்ன சொல் இருக்கும் என்று ராயன் தன்னை அறியாமல் தேடிக் கொடுக்கப் பார்த்தார், நாக்கைக் கடித்துக்கொண்டார். "கேட்டுது" என்றார் துரை. "தள்ளினான்னு கேட்டுது. எனக்கு… பயம்." முதலியார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, எதற்காக எழுந்தோம் என்று தெரியாமல் அப்படியே நின்றார். பச்சையம்மா அழுவாள் என்று ராயன் எதிர்பார்த்தார், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தார், அதற்கெல்லாம் உடம்பைத் தயார் பண்ணிக்கொண்டார். அவள் நடைபாதைக்கு வந்து, நேராக நடந்து மேடையின் அடியில் வந்து நின்றாள். நெருக்கத்தில் பார்க்கும்போது அவளுக்கும் வயதாகிவிட்டிருப்பது தெரிந்தது.

"எழுதிக் குடுங்க" என்றாள். "இப்ப சொன்னதை அப்படியே. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு. வியாழக்கிழமை வரைக்கும் ஆகாது, இப்பவே."

இந்தத் தடவை பார்லோ துபாஷியின் பக்கம் திரும்பவில்லை.